முதல் நடை தோற்ற பிள்ளையின் வாசலுக்கு

தாரண ஆண்டு சித்திரைத் திங்கள் பதினாறாம் நாள், 1944ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28ஆம் தேதி, வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, மதுரை வைகை வடகரைப் பெண்கள் பாடசாலையின் ஐந்தாம் வகுப்பு அறையில், இருபத்திரண்டு ஆண்டுப் பணி நிறைவுற்று ஓய்வு பெறும் திருமதி அஜ்மல் பீவி அம்மையார் அவர்களுக்கு, அப்பாடசாலையின் ஆசிரியைகள் வாசித்து வழங்கும் மடல். இன்று காலை பத்து மணிக்கு ஆண்டுத் தேர்வின் முடிவு வாசிக்கப்பட்டது. எழுபத்தொரு பெண்களுள் ஐம்பத்தெண்மர் தேறினர், பதின்மூவர் தேறவில்லை. தேறியோர்க்கு உடனே வழங்கப்பட்டிருக்க வேண்டிய கல்கண்டு இந்நேரம் வரை வழங்கப்படாமல் தலைமையாசிரியையின் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. ஏன் கிடக்கிறது என்பதை இம்மடல் சொல்லும்.

வாசல்தோறும் நின்று வருங்காலத்தை அழைத்து வந்தவரே! வைகையில் வெள்ளம் வந்த நாளிலும் வரிசை குலையாமல் வழி நடத்தியவரே! எழுத்தறியாத கண்ணால் எங்கள் ஏட்டின் பிழையைக் கண்டவரே! தோற்ற பிள்ளையின் துணையே! தங்களுக்கு எங்கள் வணக்கமும் ஸலாமும்!

பாராட்டு மடல் என்றால் பன்னீர் தெளிக்கும் சொற்கள் என எண்ணி முன்வரிசையில் சாய்ந்து அமர்ந்திருக்கும் பாடசாலைக் குழுவினர் சற்றே நிமிர்ந்து அமர்க. இம்மடலில் பன்னீரும் உண்டு. ஆனால் அது குழுவினருக்கன்று.

அம்மையீர்! சென்ற செவ்வாய்க்கிழமை ஆசிரியைகள் கூடித் தங்களிடம் ஒன்று கேட்டோம். பட்டுச் சால்வை வேண்டுமா, வெள்ளிக் குவளை வேண்டுமா என்றோம். தாங்கள் சிரித்த சிரிப்பு எங்கள் செவியில் இன்னும் இருக்கிறது.

"எனக்கு எதுக்கு டீச்சரம்மா சால்வை? இந்த வெயில்ல அதைப் போத்திக்கிட்டு நான் எங்க போக? ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், முடிஞ்சாத் தாங்க. அந்தக் கல்கண்ட நிப்பாட்டுங்க. அம்புட்டுத்தேன்."

இக்கோரிக்கை மறுநாளே குழுவுக்கு எழுத்தில் சென்றது. செயலாளர் திரு. வெள்ளைத்துரை அவர்கள் ஒரே வரியில் விடையளித்தார்: "முப்பதாண்டு வழக்கம், மாற்றுவதற்கில்லை." சர்க்கரைக்குப் பங்கீட்டுச் சீட்டு ஏந்திப் பிள்ளை பெற்றவர்கள் வரிசையில் நிற்கும் இந்தப் போர்க்காலத்திலும், இந்த ஒரு வழக்கத்துக்கு மட்டும் எங்கிருந்தோ கல்கண்டு வந்துவிடுகிறது!

இருபத்திரண்டு ஆண்டில் ஒன்றும் கேளாதவர் கேட்ட ஒன்று இது. ஏன் கேட்டார் என்பதை அவை அறிய வேண்டும். தங்களைப் பார்த்தே தங்கள் கதையைச் சொன்னால், "அது அப்படியில்ல டீச்சரம்மா" என்று பாதியில் எழுந்துவிடுவீர்கள். ஆகவே சற்று நேரம் தங்களை விட்டு, அவையைப் பார்த்துச் சொல்கிறோம். அமைதியாக அமர்ந்திருங்கள்.

அவையோரே! பெண் பிள்ளையைத் தனியே தெருவில் அனுப்ப அஞ்சும் வீடுகளுக்குச் சென்று, பிள்ளைகளைக் காலையில் அழைத்து வருவதும் மாலையில் கொண்டுபோய் விடுவதும் அஜ்மல் பீவி அம்மாளின் பணி. 1922இல் அவர் இப்பணியில் சேர்ந்தபோது அழைக்க இருந்தவை ஒன்பது வீடுகள். கோரிப்பாளையத்துச் சந்துகளில் தொடங்கி, செல்லூர்க் கண்மாய்க் கரை வரை சென்று திரும்பும் அந்நடையில், வெள்ளைத் துப்பட்டி போர்த்திய அவர் உருவைக் கண்டதும் தாய்மார் பிள்ளைக்குப் பின்னல் முடிவர். மூன்று ஆண்டு கழித்துத் தலைமையாசிரியை ரெங்கம்மாள் ஒரு விதி வகுத்தார்: பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வர வேண்டும், முன் நிற்பவளைத் தாண்டி எவளும் உள்ளே நுழையக் கூடாது, வரிசை குலைந்தால் வரிசை முழுவதும் வாயிலுக்கு வெளியே. இந்த விதியை நினைவிற் கொள்க. பின்னர் இது தேவைப்படும்.

கல்கண்டு வழக்கம் அதற்கும் முந்தியது. முடிவு வாசிக்கும் நாளில், தேறியவள் வலக்கையை நீட்டுவாள். ஒரு கட்டிக் கல்கண்டு அதில் விழும். காகிதத்தில் மடித்துத் தருவதில்லை. வெறுங்கையில் தருவதே முறை. தேறாதவள் கையை நீட்டக் கூடாது. இதனை ஊக்கம் என்று பெயரிட்டு ஏட்டில் எழுதினோம்! அந்த ஊக்கம் வாயிலைத் தாண்டியதும் என்னவாகும் என்பதை எழுதவில்லை. ஏனெனில் வாயிலைத் தாண்டி நாங்கள் சென்றதில்லை. சென்றவர் அஜ்மல் பீவி அம்மாள் ஒருவரே. தெருமுனைகளில் பெண்கள் காத்திருப்பர். "ஏ புள்ள, கையைக் காட்டுடி!" என்பர். மூடிய கையை விரல் விரலாகப் பிரித்துப் பார்ப்பர். பிசுபிசுத்த கை தேறிய கை. வெறுங்கை கண்டால், "போச்சா? சரி, சாணி தட்டப் பழகு" என்று சிரிப்பர். எட்டு வயதுப் பிள்ளையின் ஓராண்டு உழைப்புக்கு, தீர்ப்புச் சொல்லும் மன்றம் அதுவாக இருந்தது. அம்மன்றத்தைக் கூட்டி வைத்தவர்கள் நாங்கள்.

1931ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். மூன்றாம் வகுப்பில் ஹாஜரா தேறவில்லை. கோரிப்பாளையத்தில் கைலிக் கடை வைத்திருந்த பாதுஷா என்பவரின் மகள், வயது ஒன்பது. பள்ளி வாயிலிலிருந்தே ஒன்றுமில்லாத கையை இறுக மூடிக்கொண்டு வந்தாள். தர்கா முனை நெருங்க நெருங்க அவள் நடை தளர்ந்தது. முனையில் நான்கு பெண்கள் நின்றிருந்தனர். அஜ்மல் பீவி அம்மாள் தம் பங்குக்குக் கிடைத்த கல்கண்டைத் துப்பட்டி முனையில் முடிந்து வைத்திருந்தார். அதை அவிழ்த்து, பல்லால் இரண்டாக்கி, ஒரு பாதியைச் சிறுமியின் கைக்குள் திணித்தார்.

"பிடி. கேட்டாக் காட்டு. நாளைக்கு நான் பேசிக்கிறேன்."

கேட்டார்கள்; காட்டினாள். அவளுக்கு முன்னரே செய்தி வீட்டை அடைந்துவிட்டது. பாதுஷா கடையைச் சாத்திவிட்டு வந்து, தெரு முழுவதற்கும் சர்பத் கொடுத்தார். மகளுக்கு ஜரிகைப் பாவாடை எடுத்தார். மறுநாள் பேசலாம் என்று சென்ற அஜ்மல் பீவி அம்மாள், அந்தப் பாவாடையைக் கண்டார்; அண்டை வீட்டார் வாழ்த்துவதைக் கேட்டார்; வாய் திறவாமல் திரும்பினார். அதற்கு அடுத்த நாளும் திரும்பினார். விடுமுறை நாற்பத்தைந்து நாளும் அந்தப் பிள்ளை பொய்யுடனே உண்டு, பொய்யுடனே உறங்கினாள்.

ஜூன் மாதத்தில் பள்ளி திறந்தது. ஹாஜரா மீண்டும் மூன்றாம் வகுப்பில் அமர்ந்திருப்பதை அவள் பெரியப்பா மகள் பார்த்துவிட்டாள். அன்று மாலை பாதுஷா பள்ளி வாயிலுக்கு வந்தார். அவர் கூச்சலிடவில்லை.

"எம் புள்ள தோத்ததுக்கு நான் வருத்தப்படல பீவிக்கா. என் கடையில எத்தனையோ நாள் ஒரு கைலி கூட விக்காது. மறுநாள் கதவத் தொறக்கத்தானே செய்யிறேன்? நாப்பத்தஞ்சு நாளு அவளப் பொய்ய மென்னுக்கிட்டுத் திரிய விட்டீகளே, அதுக்குத்தேன் வந்தேன். இனி அவ வர மாட்டா."

"தப்பு எம்மேலதான் தம்பி. புள்ளையை அனுப்பு."

"தப்பு யாரு மேலங்கிறதை அவளுக்கு எப்படிக்கா வெளங்க வைக்க? இனிமே நீங்க 'நல்லாப் படிச்சிருக்கே'ன்னு சொன்னாலும் அவ நம்ப மாட்டாளே!"

ஹாஜரா வரவில்லை. என்றுமே வரவில்லை.

அஜ்மல் பீவி அம்மாள் செய்தது பிழை. அதை மறைத்து அவரைப் பாராட்டினால், அவர் அன்று செய்த அதே பிழையை இன்று நாங்கள் செய்தவர்களாவோம். அவர் தலைமையாசிரியையிடம் தாமே சென்று, "நாந்தேன் குடுத்தேன்" என்றார். தலைமையாசிரியை அரைமணி நேரம் அவரைக் கடிந்தார், நெறி பேசினார், நேர்மை பேசினார். கடிந்தவர் அடுத்த ஆண்டு என் செய்தார்? அதே தட்டு, அதே கல்கண்டு! பிழையிலிருந்து ஒன்றைக் கற்றவர் எழுத்தறியாதவர். கற்பிக்கும் தொழிலில் இருந்தவர்கள் ஒன்றையும் கற்கவில்லை.

அவர் கற்றது இது. தோல்வியை மறைப்பது துணையன்று; தோற்றவளோடு நடப்பதே துணை. அடுத்த ஆண்டு முதல், முடிவு நாளன்று தோற்ற பிள்ளையின் கையைத் தாமே பிடித்துக்கொண்டு வந்தார். விரித்துப் பார்க்கக் கை இல்லாமற் போன தெருமுனைப் பெண்கள் ஏமாந்தனர். வீட்டு வாசலில் நின்று உரக்கச் சொன்னார்: "உங்க புள்ள இந்தத் தடவை கணக்குல தேறல. வாசிப்புல நல்லா வந்திருக்கா. ஸ்கூல் தொறக்குற அன்னிக்கு மொத ஆளா இவளத்தான் கூப்பிட வாரேன். தலை சீவி வைங்க." சொன்னபடி, பள்ளி திறக்கும் நாளில் அவர் முதல் நடை தோற்ற பிள்ளைகளின் வாசல்களுக்கே. தேறியவர்களின் வீடுகள் காத்திருந்தன. முதல் நடையில் வந்தவள் வரிசையில் முதலில் நின்றாள். முதலில் நின்றவளே ஆண்டு முழுவதும் வரிசையை நடத்தினாள். தேறிய பிள்ளை ஒருத்தியின் தாய் பொறுக்காமல் கேட்டாள்:

"என்ன பீவிக்கா, பெயிலானதுக்குப் பல்லக்கா?"

"பல்லக்கு இல்ல தாயி, பாதை. இவ போன வருசமும் இந்த வகுப்புக்கு நடந்தவ. மேடு எங்கே, பள்ளம் எங்கேன்னு இவளுக்குத் தெரியும். உம் மகளுக்குப் புதுசு, பின்னாடி வரட்டும்."

ஆறு ஆண்டுகள் இவ்வாறு சென்றன. வரிசையில் முன் நடந்த பிள்ளை வகுப்பிலும் குனிந்த தலையோடு அமரவில்லை என்பதை ஆசிரியைகள் கண்டோம். கண்டு, என்ன காரணம் என்று கேட்கவும் மறந்தோம்.

1938ஆம் ஆண்டு மே மாதம் குழு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது: ஒரே வகுப்பில் இருமுறை தவறியவளின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்குக. பார்வையிட வரும் இன்ஸ்பெக்டிரஸ் அம்மையார் கண்ணில் பள்ளியின் கணக்கு அழகாகப் படவேண்டுமாம்! கணக்கு அழகாவதற்குக் குழந்தையை அழிப்பது எளிய வழி. அறிவுடையோர் அறுவர் அமர்ந்து கண்டுபிடித்த வழி! நீக்கப்பட்ட பெயர் ஒன்றே: ஐந்தாம் வகுப்பு அன்னக்கொடி. செல்லூர்க் கண்மாய்ப் பாசனத்தில் நெல் விளைவித்த காசிமாயனின் மகள். பின்னக் கணக்கு அவளுக்கு இருமுறையும் வரவில்லை.

ஜூன் 13ஆம் தேதி அஜ்மல் பீவி அம்மாள் அவ்வீட்டு வாசலில் நின்றார். காசிமாயன் ஏரைத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"பேரையே அடிச்சுட்டாங்களாமே. விடுங்க பீவியம்மா. ரெண்டு தடவை வெதச்சும் மொளைக்கல. தை மாசம் அவ மாமன் மகனுக்குக் கட்டிக் குடுத்துருவோம்."

"ஏன் காசிமாயா, ரெண்டு வருசம் மழை பொய்ச்சா நீ கண்மாயத் தூத்துருவியா?"

காசிமாயன் சிரித்துவிட்டார். "உங்க கூடப் பேசிச் செயிக்க முடியுமா? அவ வந்தாக் கூட்டிட்டுப் போங்க."

அவள் வைக்கோற்போருக்குப் பின்னால் இருந்தாள்.

"நான் வரல. சின்னப் புள்ளைக சிரிக்குதுக."

"சிரிக்கட்டும். நீயும் முந்தி சிரிச்சவதானே? எந்திரி."

"மறுபடியும் பெயிலாப் போனா?"

"போனா, அடுத்த வருசமும் வாரேன். எனக்கென்ன, கால் இருக்கு. பாதை தெரிஞ்சவ நீ, முன்னால நட."

அவள் வந்தாள். பதிவேட்டில் பெயர் இல்லை என்று வகுப்புக்குள் விடப்படவில்லை. வளாகத்து வேப்பமரத்தடியில் அமர்ந்தாள். மறுநாளும் வந்தாள், மறுநாளும் அமர்ந்தாள். பதினேழு பள்ளி நாட்கள்! ஐந்தாம் வகுப்புச் சன்னலிலிருந்து மிதந்து வந்த பாடத்தை, மரத்தடியில் இருந்து சிலேட்டில் எழுதிக்கொண்டாள். தலைமையாசிரியை நாள்தோறும் அம்மரத்தைக் கடந்து சென்றார். கண்டும் காணாதவராகச் சென்றார். இதை இம்மடலில் எழுதாமல் விட அவருக்கு உரிமையில்லை.

ஜூலை 6ஆம் தேதி இன்ஸ்பெக்டிரஸ் அம்மையார் வந்து அமர்ந்துவிட்டார். மணி அடித்தாயிற்று. நாற்பத்தாறு பிள்ளைகளின் வரிசை வாயிலுக்கு வெளியே நின்றது. அதன் தலையில் அன்னக்கொடி. செயலாளர் வெள்ளைத்துரை விரைந்து வந்தார்.

"அந்தப் புள்ளைய இன்னிக்குக் கூட்டியார வேணாம்னு சொன்னேன்ல? ஒதுக்கி நிப்பாட்டு. மத்ததுகளை உள்ளே அனுப்பு!"

"அனுப்பிறலாம்யா. ஆனா முன்னால நிக்கிறவளத் தாண்டி யாரும் நுழையக் கூடாதுன்னு பெரிய டீச்சரம்மா சட்டம். வரிசை கொலஞ்சா மொத்தமும் வெளியதான். நான் என்ன செய்ய?"

"உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும்யா. வேலையத்தானே பாக்குறேன்? கூட்டியாரச் சொன்னீங்க, கூட்டியாந்துட்டேன். உள்ள விடுறது உங்க வேலை."

பின்வரிசையில் ஒரு சிறுமி சிரித்தாள். செயலாளர் தலைமையாசிரியையைப் பார்த்தார். பதின்மூன்று ஆண்டுகளாக, அந்த விதியை மீறிய பிள்ளைகளை வெயிலில் நிறுத்தியவர் அவர். அன்று அவ்விதி அவரையே வாயிலில் நிறுத்தியது. அவர் அஜ்மல் பீவி அம்மாளைப் பார்த்தார். தலைகுனியாமல் நின்ற பெண்ணைப் பார்த்தார். உள்ளே சென்று பதிவேட்டை எடுத்து வந்து, வாயிற்கல் மீது வைத்து, அன்னக்கொடி என்று மையால் எழுதினார். பிறகு அப்பெயரை உரக்க அழைத்தார்.

"உள்ளேன் அம்மா!"

வரிசை நுழைந்தது.

இன்ஸ்பெக்டிரஸ் அம்மையார் ஐந்தாம் வகுப்பில் அவளையே எழுப்பினார். முக்காலில் மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு என்றார். அவள் சிலேட்டில் போட்டாள், தவறு. வகுப்பு சிரித்தது. "உட்கார்" என்றார் அம்மையார். அவள் உட்காரவில்லை. முழங்கையால் சிலேட்டைத் துடைத்தாள். "இன்னொருக்கா போட்டுப் பாக்குறேம்மா." மீண்டும் தவறு. மீண்டும் துடைத்தாள். அம்முறை வகுப்பு சிரிக்கவில்லை. மூன்றாம் முறை "கால்" என்றாள். அறிக்கையில் அம்மையார் இருமுறை தவறியவர்களைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. குழு எதற்கு அஞ்சிக் குழந்தையின் பெயரை அடித்ததோ, அப்படி எதுவும் அறிக்கையில் இருக்கவே இல்லை! அடுத்த ஏப்ரலில் அன்னக்கொடி கணக்கில் முப்பத்தாறு பெற்றுத் தேறினாள், வேண்டியது முப்பத்தைந்து.

அம்மையீர், இனித் தங்களை நோக்கி. அன்னக்கொடி தேறியதால் தங்களைப் போற்றுகிறோம் என்று இவ்வவையில் யாரும் எண்ண வேண்டா. அன்று மூன்றாம் முறையும் அவள் கணக்குத் தவறியிருந்தால், இம்மடலில் ஓரெழுத்தும் குறைந்திராது. நான்காம் முறை துடைக்க அவள் முழங்கை எழுந்திருக்கும். அந்த முழங்கையை எழச் செய்தது தாங்கள். பாடம் சொன்ன நாங்கள் அல்லேம். வெற்றி பெற்ற பிள்ளைக்குக் கைதட்டுவது எளிது. அதை வழிப்போக்கனும் செய்வான். தோற்ற பிள்ளையின் வாசலில் வெயிலேறும் முன் சென்று, "வாரேன்னு சொன்னேன், வந்துட்டேன்" என்று நிற்பதற்கே ஆள் வேண்டும். எண்ணூறு வீடு இருந்த இவ்வட்டாரத்தில் அதற்கு ஒருவரே இருந்தீர்கள். ஒருவரே இருந்தீர்கள் என்பது தங்களுக்குப் பெருமை, எங்களுக்கு இழிவு!

இன்னொன்றும் அறிவோம். ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் நாளில், அழைக்கப் பிள்ளை இல்லாத பாதுஷா வீட்டு வாசலில் தாங்கள் சற்று நின்றுவிட்டே நடையைத் தொடங்குகிறீர்கள். ஹாஜரா மணமாகிப் போன பின்னும் நின்றீர்கள். அவ்வாசலில் தங்களுடன் நின்றிருக்க வேண்டியவர்கள் நாங்கள். பதின்மூன்று ஆண்டுகள் தங்களைத் தனியே நிற்க விட்டோம். பொறுத்தருள்க.

நடந்த கால்களுக்கு நோவின்றி நிழல் வாய்க்க! நூறாண்டு கடந்தும் தெருவில் தங்களைக் கண்ட பெண்கள் பின்னலைச் சரிசெய்து நிமிர்ந்து நிற்க! தாங்கள் அழைத்த பெண்களின் பெண்கள் தங்கள் வாசலுக்கு வந்து தங்களை அழைத்துச் செல்லும் அளவு, வலிமையும் வாழ்நாளும் இறைவன் வழங்குக!

இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு ஆசிரியைகள் கூடி எடுத்த முடிவுகள் இவை. இருமுறை தவறியவளை நீக்கும் தீர்மானம் இப்பாடசாலையில் இனிச் செயற்படுத்தப்படாது. அதன்படி எந்தப் பெயரையும் அடிக்க எந்த ஆசிரியையும் உடன்பட மாட்டாள். ஜூன் 12ஆம் தேதி பள்ளி திறக்கும்போது, முதல் நடை இன்று தேறாத பதின்மூவரின் வீடுகளுக்குச் செல்லும். புதிதாகப் பணியேற்கும் ராக்கம்மாளுடன் ஆசிரியை ஒருவர் அந்நடையில் உடன் செல்வார். ஆண்டுதோறும் முறைவைத்துச் செல்வோம். இம்மடல் அலுவலக அறையில் அன்றி, ஐந்தாம் வகுப்புச் சுவரில் மாட்டப்படும். குழுவின் அனுமதி இவற்றுக்குக் கோரப்படவில்லை. விளைவு எதுவாயினும் தலைமையாசிரியை ஏற்பார்.

கல்கண்டு வழக்கம் இன்றோடு நின்றது. அலமாரியில் உள்ள கல்கண்டு முழுவதும், இம்மடல் வாசித்து முடிந்ததும், முற்றத்துப் பானைத் தண்ணீரில் எலுமிச்சைச் சாற்றோடு கரைக்கப்படும். எழுபத்தொரு பெண்களும் ஒரே வரிசையில் நின்று அதைப் பருகுவர். பதின்மூவர் முன் நிற்பர். பிறகு எழுபத்தொருவரும் வெறுங்கையோடு வீடு செல்வர்.

இங்ஙனம்,
தலைமையாசிரியை ரெங்கம்மாள்,
ஆசிரியைகள் செல்லத்தாய், மாயக்காள், நூர்ஜகான், சௌந்தரவல்லி.
வைகை வடகரைப் பெண்கள் பாடசாலை, மதுரை.